ஒரு சாண் ரப்பர்

சுன்சோன்
9 மார்ச் 1996

அன்புள்ள சங்பில்லுக்கு,

மின்தெக்கின் அம்மா எழுதுகிறேன். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கடலில் வீசிவிடாமல் உறையைப் பிரித்தாயே, அதற்கு முதலில் நன்றி.

லாஸ் பால்மாஸ் எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் தேடினேன். ஆப்பிரிக்காவின் தோளுக்குப் பக்கத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி. விலாசம் வாங்க ஜுமுன்ஜினுக்குப் பேருந்து ஏறிப் போனேன். உன் அம்மா கணவாய் மீனைக் கழுவிக்கொண்டே அரை மணி நேரம் யோசித்தார். பிறகு ஈரக் கையோடு எழுதிக் கொடுத்தார். "திட்டி எழுதாதீங்க அக்கா. அவன் பாதி ஆளாத்தான் கப்பல் ஏறினான்" என்றார். திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே பயப்படாமல் படி.

என் சேதி இது. நான் ஒரு கவச வண்டி செய்துகொண்டிருக்கிறேன். நீயும் மின்தெக்கும் இருந்த அதே வண்டி, ஆற்றிலும் மிதந்து போகுமே அது, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில். முடித்தால் கையில் ஒரு சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். சிரிப்பாய். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை, பல்செட் செய்து பிழைக்கிறவள், பிளாஸ்டிக் பொம்மை ஒட்டிக்கொண்டிருக்கிறாளே என்று என் பட்டறையில் வேலை செய்யும் பெண்களும் சிரிக்கிறார்கள்.

சந்தைக்குப் பின்புறம் பியோன் என்பவர் மாடல் கடை வைத்திருக்கிறார். நம் ராணுவ வண்டி வேண்டும் என்று கேட்டேன். "அது எங்கிட்ட இல்லக்கா. அமெரிக்காக்காரன் வண்டி இருக்கு. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. தூரத்துல பாத்தா ஒண்ணுதான்" என்றார். நான் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்யவில்லை என்றேன். அவருக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கடைக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். இப்போது அவர்தான் எனக்கு வாத்தியார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

ஏன் செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். விசாரணை அறிக்கை எட்டுப் பக்கம். அதில் என் மகனுக்கு ஒரே வரி. வண்டியின் முன்பக்க அடித்தளத்தில் இருக்கும் வடிகால் திருகை மூடாமல் ஓட்டுநர் ஆற்றில் இறக்கினார், அவருடைய கவனக்குறைவே காரணம். அவ்வளவுதான். இருபத்தொரு வயதில் செத்தவனுக்கு அந்த ஒரு வரிதான் கல்வெட்டு. மூன்று முறை மறு விசாரணை கேட்டு மனுப் போட்டேன். மூன்று முறையும் 'புதிய ஆதாரம் இல்லை' என்று ஒரே மாதிரி காகிதம் வந்தது. சொல்லால் சண்டை போட்டால் அவர்களிடம் என்னைவிட அதிகம் சொல் இருக்கிறது. எனக்குக் கை இருக்கிறது. பொருளாகச் செய்து மேசைமேல் வைக்கிறேன், என்ன செய்கிறார்கள் பார்க்கலாம்.

முன்பக்கம் தண்ணீர் ஏறியிருந்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு போயிருக்க வேண்டும். அன்று கரையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "பின்னாடிதாங்க மொதல்ல போச்சு. மூஞ்சி மேல தூக்கிட்டு நின்னுச்சு." அவளிடம் விசாரித்தவர்கள், கிராமத்துப் பெண்ணுக்கு ராணுவ வண்டியின் முன்பக்கம் பின்பக்கம் தெரிய வாய்ப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். முள்ளங்கிக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரிந்தவளுக்கு வண்டிக்குத் தெரியாதாம்.

அடக்கத்துக்கு முன்னால் வண்டியை எனக்குப் பத்து நிமிடம் காட்டினார்கள், நினைவிருக்கிறதா? நீ ராணுவ முகாம் மைதானத்தின் மறு கோடியில் தலையைக் குனிந்து நின்றிருந்தாய். பின்கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. இடது கீழ் மூலையில் கன்னங்கரேலென்று வேறொரு ரப்பர். பல் அச்சில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் என் கண்ணுக்குப் படும், அதுதான் என் தொழில். அது எவ்வளவு தூரம் போகிறது என்று நெருங்கிப் பார்க்கப் போனேன். நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து நகர்த்திவிட்டார்கள்.

ஆகவே உன்னிடம் இரண்டு கேள்வி. அந்தக் கறுப்பு ரப்பர் என்ன ரப்பர், எவ்வளவு நீளம்? ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் மூடி அந்த நேரத்தில் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? திருகு மூடவில்லை என்று நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. இது மாடல் செய்கிறவள் கேட்கிற கேள்வி. தெரியாமல் எதையும் ஒட்ட எனக்குப் பிடிக்காது.

மீனும் சோறுமாக நன்றாகச் சாப்பிடு. கடல் காற்றில் உதடு வெடிக்கும், எண்ணெய் தடவிக்கொள்.

மின்தெக்கின் அம்மா,
மா கும்சுன்


சுன்சோன்
22 ஜூன் 1996

அன்புள்ள சங்பில்லுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உங்கள் கப்பல் ஆறு மாதம் கரை தொடாது என்று உன் கம்பெனியின் பூசான் அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும். நான் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை.

வண்டி வளர்ந்துவிட்டது. அமெரிக்க வண்டியின் பக்கச் சுவர்களை அறுத்து எறிந்தேன். பியோன் கண்ணை மூடிக்கொண்டார். புதுப் பெட்டியை அப்படி அறுப்பதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு தாங்கவில்லையாம். நம் வண்டியின் பக்கச் சுவர் மேலே போகப் போக உள்ளே சாய்கிறது அல்லவா? அதைப் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டினேன். மேலே நீ நின்று துப்பாக்கி பிடிக்கும் இடத்தைச் சுற்றி இருக்கும் இரும்புக் கவசத்துக்கு மட்டும் ஏழு துண்டு. மின்தெக் விடுமுறையில் வந்தபோது எடுத்த ஒரே ஒரு படம் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் வண்டிமேல் உட்கார்ந்து தர்பூசணி தின்கிற படம். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து மரையாணிகளை எண்ணினேன்.

சங்கிலிப் பட்டையில் ஒரு பக்கத்துக்கு அறுபதுக்கும் மேலே கண்ணி. ஒவ்வொன்றையும் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, அரத்தால் தேய்த்து, இடுக்கியால் கோத்தேன். பட்டறைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள் என்றேனே, இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்குப் பத்துக் கண்ணி தேய்த்துக் கொடுக்கிறார்கள். "அக்கா, இது யாரோட பல்லு?" என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பார்கள்.

ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும். வண்டியைச் சும்மா ஒரு பலகைமேல் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆற்றோடு செய்ய வேண்டும். முள்ளங்கிக்காரி சொன்ன நிலையில், மூக்கு மேலே, பின்பக்கம் தண்ணீருக்குள். தண்ணீர் கண்ணாடி போல இருந்தால்தான் பக்கவாட்டில் குனிந்து பார்க்கிறவனுக்குப் பின்கதவு தெரியும். பல்செட்டுக்கு ஊற்றுகிற அக்ரிலிக்கில் நிறமில்லாதது என்னிடம் இருக்கிறதே என்று அதையே ஊற்றினேன். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. இரண்டு மாத வேலை, பின்பக்கம் முழுவதும் கண்ணெதிரே கூழாகிப் போயிற்று. மறுநாள் பியோனிடம் இன்னொரு பெட்டி கேட்டேன். அவர் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "தண்ணிக்கு வேற மருந்து இருக்குக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார். கேட்டிருக்கலாம்தான். மறுபடியும் முதலிலிருந்து அறுத்தேன். அவர் கொடுத்த பசையை நாளுக்கு ஒரு படலமாக, வாழைத் தோல் கனத்தில் ஊற்றி வருகிறேன்.

இப்போது முக்கியமான சேதி. அக்டோபரில் இங்கே நகர மண்டபத்தில் மாடல் கண்காட்சி நடக்கிறது. பியோன் என் பெயரைக் கொடுத்துவிட்டார். அது எப்படியோ முகாம் வரைக்கும் போயிருக்கிறது. போன வாரம் உங்கள் பழைய படைப்பிரிவுத் தலைவர், அந்த நாம் என்கிறவர், என் பட்டறைக்கே வந்துவிட்டார். அப்போது கேப்டன், இப்போது மேஜர் ஆகிவிட்டார். மஞ்சள் வெள்ளரிப்பழக் கூடையோடு வந்தார். நான் ஒரு கிழவருக்குக் கடைவாய்ப் பல் செதுக்கிக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை.

"அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் எங்கே போய் முடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வண்டியைக் கண்காட்சியில் வைத்தால் ஊர் தப்பாகப் பேசும், போனவனுக்கும் நிம்மதி இருக்காது, உயிர் பிழைத்த பையன்களின் வாழ்க்கையும் பாழாகும் என்றார். உன் பெயரைத்தான் சொன்னார், சங்பில். "அந்தப் பையன் இப்பத்தான் ஒரு வேலைல நிக்கறான். அவனையும் இழுத்து விடப்போறீங்களா?"

நான் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தேன். "மேஜர், நான் முப்பத்தொரு வருஷமா அடுத்தவங்க வாய்க்குச் சரியா மூடற பல்லு செஞ்சுட்டு வர்றேன். சரியா மூடலேன்னா ஒரு வாய்ச் சோறு உள்ள போகாது, அவங்க திரும்பி வந்து என் மேசைல பல்லைக் கழட்டி வெச்சுட்டுப் போவாங்க. உங்க கதவு சரியா மூடலை. நான் திரும்பி வந்திருக்கேன். அவ்வளவுதான்" என்றேன். பட்டறையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். பழக்கூடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மரியாதை தவறக்கூடாது அல்லவா?

அவர் போன பிறகு ஒன்று மட்டும் உறுத்தியது. உன்னை இழுத்து விடுகிறேனா? உன் பெயர் மாடலில் எங்கும் இல்லை. துப்பாக்கிக்குப் பின்னால் ஆள் யாரையும் வைக்கவில்லை. நீயாகச் சொன்னால் ஒழிய வைக்கமாட்டேன்.

கேள்விகள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. தெரியாததால் ஓட்டுநர் மூடியை மூடியபடி ஒட்டியிருக்கிறேன். ரப்பரை, பல் வைத்தியர்கள் வாயில் விரிக்கும் மெல்லிய ரப்பர் தாளில் வெட்டி, இடது பக்கம் முழு நீளத்துக்கும் வைத்திருக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

மின்தெக்கின் அம்மா


சுன்சோன்
20 அக்டோபர் 1996

அன்புள்ள சங்பில்லுக்கு,

கண்காட்சி முடிந்தது. மூன்று நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஒரு வார்த்தை விடாமல் படி.

முதல் நாள் காலையில் என் மேசையைக் காணோம். மண்டப அதிகாரி ஒருவர், இடம் போதவில்லை என்று என் வண்டியைச் சரக்கறையில் வைத்திருந்தார். பியோன் தன் போர்க் கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இப்ப இடம் இருக்கு" என்று அதைத் தரையில் வைத்தார். நான்கு வருடம் செய்த கப்பல் அது. இன்னும் நான்கு பேர் தங்கள் மாடல்களைத் தரையில் இறக்கினார்கள். அவர்களில் இரண்டு பேரை எனக்கு முன்பின் தெரியாது. மண்டபத்தின் நடுவில் இப்போது காலி மேசை ஐந்து, ஒரு மனிதனும் நடக்க முடியாத தரை. அதிகாரி தானே போய் என் வண்டியை எடுத்து வந்து வைத்தார். வாசலுக்கு நேரே வைத்தார், பாவம், அந்த மேசைதான் பக்கத்தில் இருந்தது.

அட்டையில் நான் நிறைய எழுதவில்லை. வண்டியின் வகை, ஆற்றில் இறங்கிய தேதி, ஓட்டுநர் யோம் மின்தெக், செய்தவர் அவருடைய அம்மா. அவ்வளவே. ஆனால் குனிந்து பார்த்தவர்கள் நிமிர வெகு நேரமானது. தண்ணீருக்கு உள்ளே, சாம்பல் ரப்பருக்கு நடுவில் கறுப்புப் பட்டை, அதன் ஓரம் மடங்கிப் பிளந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பழைய லாரி மெக்கானிக் மூன்று நாளும் வந்தார். கூட்டத்துக்கு அவரே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் நாள் மதியம் மேஜர் நாம் வந்தார். சீருடை இல்லை, சாதாரணச் சட்டை. குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கழுத்து சிவந்தது. "அம்மா, இது அநியாயம்" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு பக்கம் முழுக்க டியூப் ஒட்டின மாதிரி செஞ்சு வெச்சிருக்கீங்க! அப்படிப்பட்ட வண்டியை நான் தண்ணில இறக்குவேனா? ஒரு சாண் கூட இருக்காது அது!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது, சங்பில். மெக்கானிக் கிழவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ஒட்டுப் போட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். எது ஒரு சாண், சார்? டியூபுன்னு சொன்னீங்களே, லாரி டியூபா?"

அறிக்கையின் எட்டுப் பக்கத்திலும் ரப்பர் என்ற சொல்லே கிடையாது. ஒட்டு என்ற சொல்லும் கிடையாது. நானும் அட்டையில் டியூப் என்று எழுதவில்லை. அது டியூப் என்று எனக்கே தெரியாது. மேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறாயா? இல்லை. இரண்டு வருடமாக நான் பைத்தியக்காரியோ, பார்க்காததைப் பார்த்ததாக நம்பிக்கொண்டிருக்கிறேனோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நிமிடத்தில்தான் அது போயிற்று.

"நன்றி மேஜர். அளவைத் திருத்திடறேன்" என்றேன்.

அவர் வேகமாக வெளியே போனார். அங்கே இருந்தவர்களில் பதினான்கு பேர் தாங்கள் கேட்டதை எழுதி, பெயரும் விலாசமும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பியோன் சொல்கிறார், இது போதாது, வாய் தவறிச் சொன்னேன் என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார்கள் என்று. அவர் சொல்வது சரி. வண்டிக்குள் இருந்த ஒருவன் சொல்ல வேண்டும்.

நான் உன்னை எதுவும் எழுதச் சொல்லவில்லை. ஒரு காகிதம் எடு. அந்த ரப்பர் எவ்வளவு நீளம் இருந்ததோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு கோடு போடு. பேர் வேண்டாம், தேதி வேண்டாம். அந்தக் கோட்டை மட்டும் எனக்கு அனுப்பு. முப்பத்தைந்தால் வகுத்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

இந்த அறுவடைத் திருநாளுக்கு அரிசிப் பணியாரம் செய்து மின்தெக்குக்குப் படைத்தேன். பிள்ளைக்குப் பெற்றவள் படைக்கக்கூடாது என்று கோயிலில் ஒரு கிழவி சொன்னாள். பெற்றவளை விட்டுவிட்டுப் பிள்ளை போகக்கூடாது என்று அவனிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவளும் என்னோடு உட்கார்ந்து இரண்டு பணியாரம் தின்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மின்தெக்கின் அம்மா


சுன்சோன்
16 பிப்ரவரி 1997

அன்புள்ள சங்பில்லுக்கு,

உன் உறை டிசம்பர் ஆறாம் தேதி வந்தது. கோடு மட்டும் கேட்டேன், பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கோட்டை முதலில் அளந்தேன். பதினேழு சென்டிமீட்டர். மேஜர் சொன்னது உண்மைதான், ஒரு சாண் கூட இல்லை. அந்த ஒன்றில் அவர் பொய் சொல்லவில்லை. மாடலில் அது ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்றைக்கே உறைந்த தண்ணீரை அந்த மூலையில் செதுக்கி எடுத்து, பழையதை உரித்துப் புதியதை வைத்தேன்.

பிறகுதான் மற்றப் பக்கங்களைப் படித்தேன். லாரி டியூபை வெட்டி ஒட்டியவன் நீதான் என்பதை. புது ரப்பர் கேட்டு இரண்டு முறை எழுதியும் வரவில்லை என்பதை. பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், ஒரே ஒரு தடவைதான் என்று அன்று கேப்டனாக இருந்த மேஜர் சொன்னதை. மின்தெக் ஆற்றில் இறங்க மாட்டேன் என்று சொன்னபோது, "நான் ஒட்டினதுடா, தாங்கும்" என்று நீ அவன் முதுகில் தட்டியதை. அந்த இடத்தில் உன் எழுத்து காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

மூடி திறந்திருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். அவன் நினைத்திருந்தால் ஒரே எம்பில் வெளியே வந்திருக்கலாம். சங்கிலி சுற்றுகிற வரைக்கும்தான் மூக்கு மேலே நிற்கும், பின்னால் இருக்கிற ஏழு பேரும் கூரை வழியாக ஏறிவிடலாம் என்று மிதியிலிருந்து கால் எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். "ஏறுங்கடா, சீக்கிரம் ஏறுங்கடா" என்று கத்திக்கொண்டே இருந்தான். கடைசி ஆள் நீ. நீ குதித்ததும் வண்டி புரண்டது.

இதை நான் எப்படிப் படித்தேன் என்று உனக்கு எழுதப் போவதில்லை. செய்ததை எழுதுகிறேன். ஓட்டுநர் மூடியை அறுத்துத் திறந்தேன். பட்டாணி அளவில் ஒரு தலை செதுக்கினேன். வாய் திறந்திருக்கிறது. உள்ளே பல்லும் வைத்தேன், பூதக்கண்ணாடி இல்லாமல் யாருக்கும் தெரியாது. அவனுக்கு முன்பல் ஒன்று லேசாக ஏறி நிற்கும். அதையும் அப்படியே வைத்தேன்.

யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று நீ எழுதியிருந்ததால் காட்டினேன். வண்டியை மடியில் வைத்துக்கொண்டு தலைநகர் சியோலுக்குப் பேருந்தில் போனேன். மறு விசாரணை அலுவலகத்தில் இருந்தவர், "பொம்மையை மனுவா எடுத்துக்க முடியாதும்மா" என்றார். "அப்ப பொம்மைக்கு அடில மனுவை வெச்சுக்குங்க" என்று மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மூன்று நாள் காலையில் போய் அலுவலகம் மூடும் வரைக்கும் உட்கார்ந்தேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் குனிந்து பார்க்க ஆரம்பித்ததும் பெரியவர் ஒருவர் உள்ளே கூப்பிட்டார். அவர் உன் கடிதத்தைப் படித்தார், பதினான்கு பேருடைய காகிதத்தையும் படித்தார், பிறகு பூதக்கண்ணாடி கேட்டார். என் பையிலேயே இருந்தது.

இந்த மாத ஆரம்பத்தில் முடிவு வந்தது. காரணம், பின்கதவு ரப்பரின் பழுது. ஓட்டுநர் மீது தவறில்லை. பணியில் உயிர் நீத்தவர். அந்த வரி போய்விட்டது, சங்பில். வேறு வரி வந்துவிட்டது.

மேஜர் நாமுக்கு என்ன தண்டனை என்று கேட்பாய். ஒன்றும் இல்லை. வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள். கண்டிப்புக் கடிதம் என்று ஏதோ சொல்கிறார்கள். உனக்கும் பொய்க் கையெழுத்துக்காக ஒரு விசாரணைத் தாள் வரும். இருபத்திரண்டு வயதில் மிரட்டி வாங்கியது என்று முடிவிலேயே எழுதியிருக்கிறது, பெரிதாக எதுவும் ஆகாது என்று வக்கீல் சொன்னார்.

முடிவுக் காகிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. முதல் அறிக்கையை முகாம் மைதானத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து உரக்கப் படித்தார்கள். நானும் அங்கே நின்று கேட்டேன். இதையும் அதே மைதானத்தில், அதே மாதிரி வரிசையில் நிற்க வைத்துப் படியுங்கள், அப்புறம் போடுகிறேன் என்றேன். அது வழக்கமில்லை என்றார்கள். வழக்கமில்லாததை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் இரண்டு வருடம் ஆனாலும் எனக்கு வேறு வேலை இல்லை என்றேன். ஒன்பது நாள் கழித்து ஒப்புக்கொண்டார்கள். மார்ச் இருபது, காலை பத்து மணி. பட்டறைப் பெண்கள், பியோன், மெக்கானிக் கிழவர், முள்ளங்கிக்காரி எல்லாரும் வருகிறார்கள். ஜுமுன்ஜினிலிருந்து உன் அம்மாவும் வருகிறார். நான் போய்க் கேட்டேன். உன் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், என்னை மன்னிப்பீர்களா அம்மா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு மாதமாக அந்த வரிக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இல்லை என்று எழுதினால் அது பொய். ஆம் என்று எழுதினால் அதுவும் இன்னும் பொய்தான். ஆகவே எழுதவில்லை. அது தபாலில் அனுப்புகிற பொருள் இல்லை. நீ என் எதிரே உட்கார வேண்டும். ஒரு கிண்ணம் கோதுமை நூடுல்ஸ் தின்று முடிக்க வேண்டும். பிறகு கேள். அப்போது என் வாயில் என்ன வருகிறது என்று நீயும் பார், நானும் பார்க்கிறேன்.

கப்பல் கரை தொடும் நாளைப் பூசான் அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். மார்ச் பத்து. விமானத்தில் ஏறினால் வந்துவிடலாம். சாக்குச் சொல்லாதே.

இங்கே மார்ச்சில் குளிர் விடாது, மைதானத்தில் காற்று வேறு அடிக்கும். நீ இருக்கும் தீவில் கனத்த சட்டை கிடைக்காது, தேடி அலையவும் வேண்டாம். மின்தெக்கின் குளிர்ச் சட்டை இருக்கிறது. கை உனக்குக் கொஞ்சம் நீளம். மடித்துத் தைத்து வைக்கிறேன்.

வா.

அம்மா